அமெரிக்க போலீசுக்கு டிக்கெட் டார்கெட் உண்டா?

அமெரிக்காவில் கார் ஓட்டும் நம் ஆட்களிடம் ஒரு எச்சரிக்கை ரொம்ப காலமாகப் புழங்குகிறது. "மாசக் கடைசி, பார்த்து ஓட்டு. போலீஸ் கணக்கை முடிக்க ஆள் தேடிக்கிட்டிருப்பான்." உடனே இன்னொருவர், "டார்கெட் வைக்கவே அங்கே சட்டத்தில் தடை, சும்மா கதை விடாதே" என்பார். எழுதுகிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் போலீஸ்காரருக்குக் கமிஷன் போகிறது என்று மூன்றாவது ஒருவர் அடித்துச் சொல்வார்.

மூன்றாமவர் சொல்வது தவறு. அபராதப் பணம் ஊர் நிர்வாகத்துக்கோ கவுண்டிக்கோ (நம் மாவட்டம் மாதிரி) மாநிலத்துக்கோ போகும். எழுதியவர் சட்டைப்பைக்கு வராது. முதல் இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இருவரும் தேடுவது ஒரே பொருளை: "மாதத்துக்கு இத்தனை டிக்கெட்" என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு காகிதத்தை. அது கிடைத்தால் டார்கெட் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை என்று நினைக்கிறார்கள். காகிதம் இல்லாமலே டார்கெட் நன்றாக வேலை செய்யும். எப்படி என்று பார்ப்போம்.

டிக்கெட் என்று இங்கே நான் சொல்வது, போக்குவரத்து விதியையோ ஊர் விதியையோ மீறியதற்குப் போலீஸ் எழுதித் தரும் அபராதச் சீட்டை. நியூயார்க்கில் இதன் ஒரு வகையைச் சம்மன் என்பார்கள், நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்வதால்.

முதலில் வங்கிக்குப் போய்வருவோம்

மார்ச் மாதத்தில் வங்கிக்குப் போனவர்களுக்குத் தெரியும். லாக்கர் கேட்டால் ஒரு காப்பீட்டு பாலிசியை நீட்டுவார்கள். கடன் கேட்டால் கட்டாயம் நீட்டுவார்கள். மேலாளர் கெட்டவர் என்பதால் அல்ல. நிதியாண்டு முடிவதற்குள் இத்தனை பாலிசி என்று மேலிடம் அவருக்கு ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. குறித்த காலத்துக்குள் எட்டியாக வேண்டிய இந்த எண்தான் டார்கெட். எட்டினால் பாராட்டு, பதவி உயர்வில் ஒரு பிளஸ். எட்டாவிட்டால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்க வேண்டும், சமயத்தில் தூரத்து ஊருக்கு மாற்றலும் வரும். ஒருவரை ஒரு பக்கமாக நகர்த்தும் இந்த லாபத்தையும் பயத்தையும் சேர்த்துத் தூண்டுகோல் என்று வைத்துக்கொள்வோம்.

மேலாளருக்குப் பாலிசியில் நேரடிப் பணம் இல்லாவிட்டாலும் அவர் விற்பார் என்பதைக் கவனியுங்கள். மேலிடம் பார்ப்பது எத்தனை விற்றது என்பதை மட்டும். வாங்கியவருக்கு அது தேவைப்பட்டதா என்று எந்தக் கட்டத்திலும் எழுதுவதில்லை. அப்புறம், பாலிசி யார் தலையில் விழுகிறது? வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர் தலையில். பெரிய டெபாசிட் வைத்திருப்பவரிடம் யாரும் வற்புறுத்துவதில்லை.

போலீஸ் விஷயத்திலும் இதே இயக்கம்தான். வித்தியாசம் ஒன்று உண்டு, சின்னதல்ல: பாலிசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். டிக்கெட்டை அப்படி மறுக்க முடியாது.

டார்கெட் நுழையும் இடம்

மணிக்கு 65 மைல் வரம்புள்ள சாலையில் ஒருவர் 73 மைலில் போகிறார். பார்க்கும் போலீஸ்காரர் கண்டுகொள்ளாமல் விடலாம். நிறுத்தி எச்சரித்து அனுப்பலாம். டிக்கெட் எழுதலாம். மூன்றுமே பொதுவாகச் சட்டத்துக்கு உட்பட்டவைதான். இப்படிச் சட்டம் போலீஸ்காரரின் முடிவுக்கு விட்டுவைத்திருக்கும் இடத்தை விருப்புரிமை என்பார்கள்.

டார்கெட் பெரும்பாலும் இல்லாத குற்றத்தை உண்டாக்குவதில்லை. (அதுவும் நடக்கிறது, பிறகு வருகிறேன்.) எச்சரிக்கையோடு போயிருக்க வேண்டியதை டிக்கெட்டாக மாற்றுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் நிரூபிப்பது கடினம். டிக்கெட் வாங்கியவர் உண்மையிலேயே 73 மைலில்தான் போனார். நீதிமன்றத்தில் போய், "இவர் நேற்று என்றால் என்னை விட்டிருப்பார்" என்று வாதாட முடியாது.

நியூயார்க்கில் நடந்தது

1990களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் கொலைகள் எக்கச்சக்கம்; 1990இல் மட்டும் 2,200க்கு மேல். 1994இல் வில்லியம் பிராட்டன் போலீஸ் கமிஷனராக வந்தார். அவரும் துணை கமிஷனர் ஜாக் மேப்பிளும் கம்ப்ஸ்டாட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். எந்தத் தெருவில் எந்தக் குற்றம், எத்தனை தடவை என்று வாராவாரம் கணக்கெடுத்து வரைபடத்தில் போடுவது, பிறகு ஒவ்வொரு சரகத்தின் தலைமை அதிகாரியையும் தலைமையகத்துக்குக் கூப்பிட்டு, "இதற்கு என்ன செய்தாய்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பது. அதுவரை சரக அதிகாரிகளை இப்படி யாரும் கேட்டதில்லை.

கம்ப்ஸ்டாட்டை முழுக்கத் திட்டுபவர்கள் மறக்கும் விஷயம், அந்தக் கேள்வி நியாயமானது. குற்றம் எங்கே நடக்கிறது என்றே தெரியாத போலீஸைவிடத் தெரிந்த போலீஸ் மேல். நகரில் கொலைகளும் வேகமாகக் குறைந்தன, 2009இல் 500க்குக் கீழே வந்துவிட்டன. அதில் கம்ப்ஸ்டாட்டின் பங்கு எவ்வளவு என்று இன்றைக்கும் ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள், ஏனென்றால் அந்த முறை இல்லாத ஊர்களிலும் அப்போது குற்றம் குறைந்தது.

சிக்கல் அடுத்த படியில் வந்தது. தலைமையகத்தில் திட்டு வாங்கிய சரக அதிகாரி திரும்பி வந்ததும் என்ன செய்வார்? அடுத்த கூட்டத்துக்கு எதையாவது காட்டியாக வேண்டும். கொலை குறையுமா என்பது அவர் கையில் முழுதாக இல்லை. ஆனால் எத்தனை சம்மன், எத்தனை கைது, தெருவில் எத்தனை பேரை நிறுத்திச் சோதித்தார்கள் என்பவை அவர் கையில் இருக்கின்றன. ஆகவே அந்த எண்களை உயர்த்தச் சொல்லி சார்ஜென்டை நெருக்குகிறார், சார்ஜென்ட் ரோல் காலில், அதாவது ஷிஃப்ட் தொடங்கும்போது ஆஜர் எடுக்கும் கூட்டத்தில், கான்ஸ்டபிள்களை நெருக்குகிறார். இந்த எண்களுக்குத் துறையில் பெயர் "ஆக்டிவிட்டி". கோட்டா (டார்கெட்டுக்கு அங்கே வழங்கும் சொல்) என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. "உன் ஆக்டிவிட்டி குறைவாக இருக்கிறதே" என்றால் போதும்.

சிலர் வாயைத் திறந்தே சொன்னார்கள். பிராங்ஸ் பகுதியில் 41ஆவது சரகத்தில் வேலை பார்த்த அடில் பொலாங்கோ என்ற போலீஸ்காரர், அங்கே "20, 1" என்று ஒரு கணக்கு இருந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். மாதம் 20 சம்மன், 1 கைது. புரூக்ளினில் 81ஆவது சரகத்தில் இருந்த ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போய், 2008, 2009 ஆண்டுகளில் ரோல் காலில் மேலதிகாரிகள் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் 2010இல் பத்திரிகையில் வந்தன. அதற்கு முன்பே, 2009 அக்டோபர் 31 அன்று, சகபோலீஸ்காரர்கள் அவர் வீட்டுக்குப் போய் அவரைக் கட்டாயமாக ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோக, மனநலப் பிரிவில் 6 நாள் வைத்திருந்தார்கள். அவர் தொடுத்த வழக்கை 2015இல் நகர நிர்வாகம் 6 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

அந்தப் பதிவுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது சம்மன் பேச்சு மட்டும் அல்ல. ஒரு பக்கம் சம்மன் எண்ணிக்கையை ஏற்றச் சொன்ன அதே சரகத்தில், இன்னொரு பக்கம் பெரிய குற்றப் புகார்களைச் சின்னதாக எழுதுவதும், வாங்காமல் தட்டிக் கழிப்பதும் நடந்தது. இதைத் துறையின் உள்விசாரணையே பிறகு உறுதி செய்தது. ஏற வேண்டிய எண் ஏறியது, இறங்க வேண்டிய எண் இறங்கியது. தெருவில் எது மாறியது என்பது வேறு கேள்வி.

ஓர் அளவை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தால், அந்த அளவே கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970களிலேயே எழுதினார். கேம்பெல் விதி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. மதிப்பெண்ணுக்காகவே நடத்தப்படும் பள்ளியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எவ்வளவு பெரிய விஷயம் இது? 2011இல் மட்டும் நியூயார்க் போலீஸ் 6,85,724 தடவை ஆட்களைத் தெருவில் நிறுத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷீரா ஷெய்ண்ட்லின், அந்த நடைமுறை அரசியல் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். அவர் எடுத்துப் பார்த்த காலத்தில், 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, நிறுத்தங்கள் 44 லட்சம். அதில் கைதும் இல்லை, சம்மனும் இல்லை, சும்மா நிறுத்தி அனுப்பியது 88 சதவீதம். நிறுத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தினோக்களும். எண்ணிக்கைக்கான நெருக்கடியும் இதற்கு ஒரு காரணம் என்று தீர்ப்பில் இருக்கிறது. இன்னொரு வழக்கில், 2007 முதல் 2015 வரை எழுதிய சுமார் 9 லட்சம் சம்மன்கள் சட்டப்படி போதிய ஆதாரம் இல்லை என்று தள்ளுபடியானவை. அந்த வழக்கை முடிக்க 2017இல் 7.5 கோடி டாலர் வரை தர நகரம் ஒப்புக்கொண்டது. கோட்டா இருந்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதுவரை பார்த்தது: டார்கெட் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை. மேலே ஒருவர் ஓர் எண்ணைக் கேட்டால், அது படி இறங்கி வரும்போது தானாகவே டார்கெட் ஆகிவிடும். அது வேலை செய்வது போலீஸ்காரரின் விருப்புரிமைக்குள்ளே.

பணம் வேண்டிய ஊர்

நியூயார்க் பணக்கார நகரம். அங்கே எண்ணைத் துரத்தியதற்குக் காரணம் முக்கியமாகப் பணம் அல்ல, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பயம். இரண்டாவது வகை வேறு. அதற்கு மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் ஊரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய, சுமார் 21,000 பேர் வாழும் சின்ன ஊர். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் அங்கே போலீஸ் சுட்டு இறந்தார். ஊரே தெருவுக்கு வந்தது. அந்தச் சூட்டுச் சம்பவத்தைத் தனியாக விசாரித்த அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகம், அந்த ஊர் போலீஸ் எப்படி நடக்கிறது என்பதையும் விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது. உள்ளே தோண்டிய அதிகாரிகள் கண்டது, ஊரின் வரவு செலவுக் கணக்குதான் போலீஸை ஓட்டிக்கொண்டிருந்தது என்பது.

2010 மார்ச்சில் ஊரின் நிதி இயக்குநர் போலீஸ் தலைவருக்கு எழுதிய மடல் அறிக்கையில் இருக்கிறது. விற்பனை வரி வரவில் பெரிய துண்டு விழப்போகிறது, ஆண்டு முடிவதற்குள் டிக்கெட் எழுதுவது கணிசமாகக் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கஷ்டம் என்பது அதன் சாரம். விபத்து கூடியதாகவோ வேகம் கூடியதாகவோ இல்லை. வரி குறைகிறது, ஆகவே டிக்கெட். 2013இல் அவரே, அபராத வரவை 10 சதவீதம் கூட்ட முடியுமா என்று போலீஸ் தலைவரைக் கேட்டதாகவும், முயன்று பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகவும் எழுதுகிறார். ஜவுளிக்கடையில் தீபாவளி விற்பனையைப் பற்றிப் பேசுகிற தொனி.

எண்களும் அதையே சொல்கின்றன. 2010 நிதியாண்டில் ஊரின் 1.1 கோடி டாலர் பொது வருவாயில் நீதிமன்ற அபராதமும் கட்டணமும் சுமார் 14 லட்சம் டாலர். 2015 நிதியாண்டுக்குப் போட்ட பட்ஜெட்டில் 1.33 கோடியில் 31 லட்சம் எதிர்பார்த்தார்கள். அதாவது எட்டில் ஒரு பங்காக இருந்தது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காக ஏறுகிறது. "எதிர்பார்த்தார்கள்" என்பதைக் கவனியுங்கள். யாரும் இன்னும் செய்யாத தவறுகளுக்கான அபராதம் அடுத்த ஆண்டு வரவில் ஏற்கெனவே ஏறிவிட்டது.

தெருவில் இதன் விளைவு: ஒரே ஆளை ஒரே தடவை நிறுத்தும்போது 6, 8 டிக்கெட் என்று எழுதினார்கள், ஒரு சம்பவத்தில் 14. ஒரே நிறுத்தத்தில் யார் அதிகம் எழுதுவது என்று தங்களில் சிலருக்குள் போட்டி நடந்ததாகப் போலீஸ்காரர்களே விசாரணையாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு முன்னால் புல் உயரமாக வளர்ந்ததற்கு அபராதம். சாலையில் நடந்த "விதத்துக்கு" அபராதம். ஊரில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். 2012 முதல் 2014 வரை டிக்கெட் வாங்கியவர்களில் அவர்கள் 90 சதவீதம், கைதானவர்களில் 93 சதவீதம்.

இதில் டிக்கெட் வெறும் வாசல்தான். உள்ளே போனால் தவறிய ஆஜர் என்றொரு குற்றம் காத்திருக்கிறது. குறித்த நாளில் நீதிமன்றம் வரவில்லை என்றால் புதிய அபராதம், அதன் மேல் கட்டணம், கூடவே கைது வாரண்ட். அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007இல் காரைத் தவறாக நிறுத்தியதற்கு 2 டிக்கெட், 151 டாலரும் கட்டணங்களும். பணக் கஷ்டம், வீடில்லாமல் தங்கிய காலங்களும் உண்டு. 2010க்குள் 7 தடவை தவறிய ஆஜர் குற்றம் சேர்ந்தது. 2 தடவை கைது, 6 நாள் சிறை. ஒரு தடவை 25 டாலரும் ஒரு தடவை 50 டாலரும் கட்டப் பார்த்தார். முழுத்தொகையும் வேண்டும் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. 2014 டிசம்பர் நிலவரப்படி அவர் கட்டியிருந்தது 550 டாலர். இன்னும் கட்ட வேண்டியிருந்தது 541 டாலர்.

கந்துவட்டிக் கணக்கு இதைவிட நேர்மையாக இருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு தூண்டுகோல்கள் தனித்தனி. ஒன்று, மேலதிகாரி கேட்கும் எண். இன்னொன்று, ஊர் நிர்வாகம் எதிர்பார்க்கும் வரவு. இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்தால் ஃபெர்குசன்.

போலீஸ்காரருக்கு இதில் என்ன?

கமிஷன் இல்லை என்று மேலே சொன்னேன். ஆனால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. நல்ல எண் காட்டுபவருக்கு நல்ல ஷிஃப்ட், சிறப்புப் பிரிவில் இடம், பதவி உயர்வு. காட்டாதவருக்கு இரவுப்பணி, கூட்டாளியைப் பிரித்து வேறு காரில் போடுவது, மோசமான மதிப்பீடு. ஓவர்டைமும் உண்டு. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒருவரைக் கைது செய்தால் அதற்கான காகித வேலைக்கும் நீதிமன்றம் போவதற்கும் கூடுதல் ஊதியம் கிடைக்கும்.

மத்திய அரசுப் பணமும் இந்தக் கணக்கில் வருகிறது. சாலைப் பாதுகாப்புக்கென்று மத்திய அரசு மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. அதிலிருந்து உள்ளூர் போலீசுக்கு ஓவர்டைம் பணம் போகிறது. பல மாநிலங்களில் அந்த ஓவர்டைம் உருப்படியாகச் செலவானதா என்று பார்க்க, மணிக்கு எத்தனை வண்டியை நிறுத்தினார்கள் என்று எண்ணினார்கள். அந்தக் கணக்கு முறையை வடிவமைத்தவர் கோட்டா வைக்க நினைத்திருக்கமாட்டார்.

எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு என்றால், ஆளே இல்லாமல் டிக்கெட் எழுதலாமே? கனெக்டிகட் மாநிலப் போலீஸில் 4 பேர் அதைச் செய்து 2018இல் பிடிபட்டார்கள். நூற்றுக்கணக்கான கற்பனை டிக்கெட்டுகள். எந்த ஓட்டுநர் கைக்கும் போகாதவை, யாரும் அபராதம் கட்டாதவை. கணினியில் மட்டும் இருந்தவை. உழைப்பாளிகளாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்த மாநிலத்தின் பழைய பதிவுகளைத் தோண்டிய ஒரு தணிக்கை, 2014 முதல் 2021 வரை 25,000க்கு மேற்பட்ட டிக்கெட் பதிவுகள் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று 2023இல் சொன்னது. அடுத்து நடந்த விசாரணை, அதில் பெரும்பகுதி வேண்டுமென்றே செய்ததல்ல, பதிவில் நேர்ந்த பிழைகள் என்றது. ஆனால் அந்த 4 பேர் விஷயத்தில் சந்தேகம் இல்லை.

ஒரு டாலர்கூட வசூலாகாத டிக்கெட் இது. பணமே எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம்.

எல்லா டிக்கெட்டும் மோசடியா?

இல்லை. இங்கே பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேச்சு வழக்கில் எல்லோரும் வழுக்குவது இங்கேதான்.

வட கரோலினா மாநில கவுண்டிகளின் கணக்கை எடுத்துப் பார்த்த இரண்டு பொருளியலாளர்கள், உள்ளூர் அரசின் வருவாய் குறைந்த அடுத்த ஆண்டில் டிக்கெட் கூடுகிறது என்று 2009இல் காட்டினார்கள். வருவாய் கூடினால் டிக்கெட் குறைகிறதா? அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஏறும், இறங்காது. மாசசூசெட்ஸ் பற்றிய இன்னோர் ஆய்வு, நிறுத்தப்பட்டவர் வெளியூர்க்காரர் என்றால் எச்சரிக்கைக்குப் பதில் அபராதம் விழும் வாய்ப்பு அதிகம் என்றது. உள்ளூர்க்காரருக்கு ஓட்டு இருக்கிறது. வெளிமாநிலத்தவர் ஒரு டிக்கெட்டுக்காக 500 மைல் வந்து வழக்காடமாட்டார்.

இதுவரை சந்தேகப்பட்டதெல்லாம் சரிதான் போலிருக்கிறது. ஆனால் அந்த மாசசூசெட்ஸ் ஆய்வாளர்களே அடுத்த கட்டுரையில் வேறொன்றைக் கண்டார்கள். பண நெருக்கடியால் டிக்கெட் கூடிய ஊர்களில் விபத்தும் காயமும் குறைந்தன. நோக்கம் கஜானாவாக இருந்தாலும், வேகத்துக்கு விழும் டிக்கெட் வேகத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆக, "டார்கெட் வைத்தால் நன்மையே இல்லை" என்பதும் தவறு.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு தற்செயல் பரிசோதனை நியூயார்க்கில் நடந்தது. 2014 டிசம்பரில் இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, மேயர் மீது கோபத்தில் இருந்த போலீஸ்காரர்கள் சில வாரங்கள் சில்லறை வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். டிக்கெட்டும் சின்னச் சம்மனும் முந்தைய ஆண்டின் அதே நாட்களைவிட 90 சதவீதத்துக்கு மேல் குறைந்த வாரங்கள் உண்டு. நகரம் தீப்பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் பெரிய குற்றப் புகார்கள் 3 முதல் 6 சதவீதம் குறைந்ததாக 2017இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சில வாரக் கதையை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் சம்மன் எண்ணிக்கை குறைந்தால் நகரம் கெட்டுவிடும் என்று சொல்லிவந்தவர்களுக்கு இது சங்கடமான ஆய்வு.

என் பார்வையில் இந்த இரண்டும் முரண்படவில்லை. பள்ளிக்கூடம் முன்னால் வேகமாகப் போகிறவருக்கு எழுதும் டிக்கெட் ஒரு வேலை. தெரு முனையில் நின்றவருக்கு எழுதும் சம்மன் வேறு வேலை. டார்கெட் இரண்டையும் ஒன்று, ஒன்று என்றே எண்ணுகிறது. எழுதச் சுலபம் எதுவோ அதுதான் அதிகம் எழுதப்படும். அதே நேரத்தில் திருட்டையும் கொலையையும் துப்புத் துலக்குவது தள்ளிப்போகிறது. அபராத வரவை அதிகம் நம்பும் ஊர்களில் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் விகிதம் குறைவாக இருப்பதாக ஆய்வு உண்டு.

சட்டத்தில்தான் தடை இருக்கிறதே?

இருக்கிறது. நியூயார்க், கலிஃபோர்னியா, டெக்சாஸ், இல்லினாய், மிசௌரி உட்படப் பல மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் தடுத்திருக்கின்றன. படித்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். நியூயார்க்கின் தடை தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. கோட்டாவை எட்டாத போலீஸ்காரரைத் தண்டிக்கக்கூடாது என்பதுதான் அதன் உயிர். டிக்கெட் வாங்குகிற உங்களைக் காப்பது அதன் நோக்கம் அல்ல. 2010 வரை அது டிக்கெட்டுக்கு மட்டும் இருந்தது. அப்புறம்தான் கைதும் தெருவில் நிறுத்துவதும் சேர்ந்தன.

குறித்த எண்ணை வைப்பதைத் தடை செய்தால், எண்ணைச் சொல்லாமல் ஒப்பிடலாம். "உன் பக்கத்து காரில் இருப்பவன் எழுதியதில் பாதிதான் நீ எழுதியிருக்கிறாய்." 2014இல் இல்லினாய் கொண்டுவந்த சட்டம் இதை யோசித்திருக்கிறது. ஒருவர் எழுதிய டிக்கெட்டை இன்னொருவர் எழுதியதோடு ஒப்பிட்டு மதிப்பிடவும் அது தடை போடுகிறது. வண்டியை நிறுத்தியது, எச்சரிக்கை எழுதித் தந்தது, கைது செய்தது என்று மற்ற வேலைகளை எண்ணிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், வெறும் தடையைவிட இது ஒரு படி நல்ல சட்டம், ஏனென்றால் எண்ணையே மேசையிலிருந்து எடுக்கப் பார்க்கிறது.

மிசௌரி இன்னொரு வழியில் போனது. அங்கே மேக்ஸ் கிரீக் என்றொரு குட்டி ஊர் நெடுஞ்சாலையில் போகும் கார்களுக்கு டிக்கெட் எழுதியே பிழைத்தது. அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படும் 1995ஆம் ஆண்டுச் சட்டம், ஊர் வருவாயில் போக்குவரத்து அபராதம் 45 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. 45 என்பது வரம்பா என்று கேட்கத் தோன்றும். படிப்படியாகக் குறைத்து, ஃபெர்குசனுக்குப் பிறகு 2015இல் 20 சதவீதமாக்கினார்கள். செயின்ட் லூயிஸ் கவுண்டிக்கு மட்டும் 12.5 என்று வைத்ததை, ஒரு கவுண்டிக்குத் தனிச்சட்டம் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் தள்ளிவிட்டது. 2016இல் டிக்கெட் கோட்டாவுக்கும் அங்கே தனித் தடை வந்தது.

கோட்டா தடை போலீஸ் மேலதிகாரியின் வாயைக் கட்டுகிறது. வருவாய் வரம்பு, கூடுதலாக எழுதி என்ன லாபம் என்று ஊர் நிர்வாகத்தையே யோசிக்க வைக்கிறது. இரண்டாவதைக் கணக்குப் புத்தகத்தில் சரிபார்க்க முடியும், முதலாவதை ரகசியமாகப் பதிவு செய்தால்தான் நிரூபிக்க முடியும்.

உங்கள் ஊரில் எப்படி என்று பார்க்க

அமெரிக்காவில் வசிப்பவர் என்றால், போலீஸ்காரரிடம் டார்கெட் உண்டா என்று கேட்டுப் பயனில்லை. ஊர் நிர்வாகத்தின் ஆண்டு பட்ஜெட் பொதுவாக இணையத்தில் இருக்கும். வரவுப் பக்கத்தில் "ஃபைன்ஸ் அண்ட் ஃபோர்ஃபீச்சர்ஸ்" (அபராதமும் பறிமுதலும்) என்ற வரியைத் தேடுங்கள். மொத்த வருவாயில் அது 1, 2 சதவீதம் என்றால் பணத்துக்காக எழுதுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. 10 சதவீதத்தைத் தாண்டினால் கேள்வி கேட்கலாம். கடந்த ஆண்டு வந்ததற்கும் அடுத்த ஆண்டு எதிர்பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். ஏறியிருந்தால், எதை நம்பி ஏற்றினார்கள் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எண்ணுக்கான நெருக்கடி பட்ஜெட்டில் தெரியாது. அதற்குப் போலீஸ் துறையின் ஆண்டறிக்கையைப் பார்க்கலாம். டிக்கெட் இத்தனை, நிறுத்தம் இத்தனை என்பதைச் சாதனைப் பட்டியலில் முதலில் போட்டிருக்கிறார்களா, அல்லது சாலையில் இறந்தவர்கள் இத்தனை பேர், துலங்கிய வழக்குகள் இத்தனை என்று தொடங்குகிறார்களா என்று கவனியுங்கள். அங்கே முதலில் வரும் எண்தான் ரோல் காலிலும் முதலில் கேட்கப்படும் எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.